ஆய்வேட்டோடு கேட்கும் அந்த இரண்டு பக்கத்தை எழுதுவது எப்படி

கோர்ஸ் முடிகிற நேரத்தில் ஆய்வேட்டோடு சேர்த்து இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்வார்கள். ஓரிடத்தில் அதற்கு ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர், இன்னோரிடத்தில் கற்றல் அனுபவக் குறிப்பு. பி.எட். படிப்பவர்களுக்கோ, வாசிப்பதற்கும் வாசித்ததைப் பற்றி யோசித்து எழுதுவதற்கும் தனியாக ஒரு தாளே இருக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: சேர்ந்தபோது எப்படி வாசித்தீர்கள், எப்படித் தேடினீர்கள், இப்போது எப்படி? இன்டர்னலில் ஐந்தோ பத்தோ மார்க்தான் என்பதால் பைண்டிங் கடைக்குப் போவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறோம். எழுதுவதும் ஒரே மாதிரி. "இப்பாடத்தின் வாயிலாக எனது வாசிப்புத் திறனும் ஆய்வுத் திறனும் பெரிதும் மேம்பட்டன." வகுப்பில் இருபத்தைந்து பேர் என்றால் இருபத்தைந்து பேருக்கும் பெரிதும் மேம்பட்டிருக்கும்.

எம்.ஏ. வரலாறு படித்தபோது நான் எழுதிய முதல் வரைவும் அதுதான். என் கைடு மேடம் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஆய்வேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டவர் இதற்கும் கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் பத்து நாள் மெனக்கெட்டு முழுவதும் மாற்றி எழுதினேன். அதில் தெரிந்துகொண்டதையும், பிறகு நாலைந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதியதைப் பார்த்ததில் தெரிந்ததையும் இங்கே சொல்கிறேன். உதாரணமெல்லாம் என் தலைப்பிலிருந்தே வரும்: தாது வருஷப் பஞ்சம், 1876-78, சென்னை மாகாணம். உங்கள் தலைப்பு தேனீயோ தெருக்கூத்தோ, வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் பழைய காகிதத்தைத் தேடுங்கள்

எழுத உட்காராதீர்கள். வீட்டைக் கிளறுங்கள். நினைவை நம்பி எழுதினால் அது நமக்குச் சாதகமாகவே பேசும். ஒன்று, "எனக்கு இதெல்லாம் முன்னாடியே ஓரளவு தெரியும்" என்று சொல்லும், இல்லையென்றால் "ஒன்றுமே தெரியாமல் வந்தேன், எல்லாம் இங்கேதான் கற்றேன்" என்று சினிமா மாதிரி கதை கட்டும். மேடம் கேட்ட கேள்விக்கு இரண்டுமே பதில் ஆகாது.

தேட வேண்டியவை: முதல் செமஸ்டர் அசைன்மென்ட், முடிந்தால் சிவப்பு மையில் திருத்தி வந்த பிரதி. கோடு போட்டு வாசித்த ஜெராக்ஸ்கள். வகுப்பு நோட்டு. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் முதல் மாதத்தில் தலைப்பு என்னவாக இருந்தது என்பது வரை தெரியும். எனது தலைப்பு 'இந்தியாவில் பஞ்சங்கள்' என்று ஆரம்பித்து, 'சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம்' ஆகி, கடைசியில் 'செங்கல்பட்டு மாவட்ட நிவாரண வேலைகளில் கூலி, 1877' என்று வந்து நின்றது. தலைப்பு இப்படிச் சின்னதாகிக்கொண்டே போனதை அப்போது தோல்வி என்று நினைத்து ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஸொட்டேரோ மாதிரி, நூல் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால், எந்த நூலை எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்று காட்டும் நெடுவரிசை ஒன்று அதில் உண்டு. அதைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். என்னுடையதில் ஆரம்பத்தில் சேர்த்ததெல்லாம் வலைத்தளங்கள். நடுவில் நூல்களும் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் கிடைத்த மற்றவர்களின் ஆய்வேடுகளும் வருகின்றன. கடைசி நாலு மாதத்தில் அரசு நடவடிக்கைக் குறிப்புகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை, 1880இல் வந்த பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை. நான் ஒரு வார்த்தைகூட எழுதாமல் அந்தப் பட்டியலே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது.

இன்னொரு இடம், யாரும் யோசிக்காத இடம்: வாட்ஸப். உங்கள் கைடுக்கு நீங்கள் அனுப்பிய கேள்விகளை மேலே போய்ப் பாருங்கள். என் முதல் மாதக் கேள்வி, "மேம், எந்த புக் படிக்கணும்?" எட்டாவது மாதத்தில், "மேம், கார்னிஷ் எழுதினதா டிக்பி எடுத்துப் போடற குறிப்பு முழுசா இருக்கா, சுருக்கினதா, எங்க பாக்கறது?" (டிக்பி பஞ்ச வரலாறு எழுதியவர், கார்னிஷ் அப்போதைய சுகாதார ஆணையர், இருவரும் கீழே வருவார்கள்.) இந்த இரண்டு மெசேஜையும் தேதியோடு அப்படியே என் குறிப்பில் போட்டேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்துத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

கிடைத்ததையெல்லாம் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று குவியலாகப் போடுங்கள். தேதி இல்லாத காகிதத்தைத் தள்ளி வையுங்கள், ஊகித்து எழுதவேண்டாம்.

இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இது இன்னும் சுலபம். பாடப் பட்டியலில் இருந்து கடினமான ஒரு கட்டுரையை எடுத்து மூன்று பக்கம் வாசியுங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று குறியுங்கள், ஐந்து வரியில் என்ன புரிந்தது என்று எழுதி, தேதி போட்டு ஒரு கவருக்குள் ஒட்டி வைத்துவிடுங்கள். கடைசி செமஸ்டரில் அதைப் பிரிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கூச்சமே இல்லையென்றால் கட்டுரை சுலபமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே பக்கத்தை இரண்டாம் முறை

மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது இதுதான், இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். ஆரம்பத்தில் வாசித்த ஏதாவது ஒன்றை, பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், புதிதாக ஒரு பிரதி எடுத்து மறுபடி வாசியுங்கள். பழைய பிரதியைத் தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் ஐந்து வரி எழுதுங்கள். அதன்பிறகு பழையதை எடுத்து இரண்டையும் அருகருகே வையுங்கள்.

நான் எடுத்தது வில்லியம் டிக்பி எழுதிய பஞ்ச வரலாறு. டிக்பி மதராஸ் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், பஞ்ச நிவாரண நிதி வேலையிலும் இருந்தவர், 1878இல் இரண்டு பாகமாக அதை வெளியிட்டார். அதில் ஒரு பெரிய சண்டை வருகிறது. பஞ்சத்தை மேற்பார்வை செய்ய வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் சென்னைக்கு வருகிறார். நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியம் என்ற கணக்கில் கொடுத்த கூலியை, ஒரு பவுண்டும் கொஞ்சம் காசும் போதும் என்று குறைக்கிறார். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிறவருக்கு அது போதாது, உடம்பு உருகிப்போகும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதுகிறார். டிக்பி இந்த இருவர் எழுதியதையும் பக்கம் பக்கமாக எடுத்துப் போடுகிறார்.

என் பழைய ஜெராக்ஸில் ஏறக்குறைய முழுப் பக்கமும் மஞ்சள். ஹைலைட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் வரும் நோய் அது, எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டு வாசித்த திருப்தியோடு மூடிவைப்பது. ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: "முக்கியம்!!" அது எதற்கு முக்கியம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை வைத்து நான் முதல் செமஸ்டர் அசைன்மென்டில் எழுதிய வரி இது: "ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் ஓர் ஆளுக்குப் போதுமானது என்று டிக்பி கூறுகிறார்."

டிக்பி அப்படிக் கூறவில்லை. டெம்பிள் சொன்னதை மறுப்பதற்காக எடுத்துப் போட்டிருக்கிறார். மேற்கோள் குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனிக்காமல், புத்தக அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உள்ளே எல்லாவற்றையும் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மனிதர் எதை எதிர்த்து எழுதினாரோ அதையே அவர் வாயில் போட்டுவிட்டேன். திருத்தியவரும் கவனிக்கவில்லை, ஏழரை மார்க் போட்டிருந்தார்.

இரண்டாம் பிரதியில் மஞ்சளே இல்லை, பென்சில்தான். ஓரத்தில் 'டெ', 'கா', 'டி' என்று மூன்று எழுத்துகள் மாறி மாறி வருகின்றன, எந்தப் பத்தி யாருடைய குரல் என்று. இரண்டு இடத்தில் கேள்விக்குறி. ஓரிடத்தில், "டிக்பி நிவாரண நிதி ஆள், டெம்பிளைப் பிடிக்காதது இயல்பு, கார்னிஷை எங்கேயாவது வெட்டியிருக்கிறாரா?" முதல் முறை பன்னிரண்டு பக்கத்தை நாற்பது நிமிடத்தில் முடித்திருந்தேன். இரண்டாம் முறை ஐந்து பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம்.

இதைக் கவனியுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் இந்த இடத்தில் தப்பாக எழுதுகிறார்கள். "இப்போது வேகமாக வாசிக்கிறேன்" என்பதுதான் வளர்ச்சி என்று நினைத்து, இல்லாத வேகத்தை எழுதுகிறார்கள். எங்கே வேகம் கூடியது, எங்கே குறைந்தது என்று பிரித்து எழுதுங்கள். எனக்கு ஒரு கட்டுரை என் தலைப்புக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதில் வேகம் கூடியிருந்தது: சுருக்கம், முடிவுரை, அடிக்குறிப்புகள், இவற்றைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் தள்ளிவிடுவேன். வேண்டும் என்று முடிவான பிறகு ஆமைதான்.

இரண்டு பிரதியையும் ஒப்பிடும்போது பார்க்கவேண்டியது கோடுகளின் எண்ணிக்கை இல்லை. ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'சூப்பர்', 'முக்கியம்', 'எக்ஸாம்' மாதிரியா, இல்லை 'யார் சொன்னது', 'எந்த வருஷம்', 'அந்த இன்னொரு கட்டுரையில் வேறு மாதிரி இருந்ததே' மாதிரியா? ஐந்து வரிச் சுருக்கத்தில் ஆசிரியர் என்ன வாதிடுகிறார் என்று இருக்கிறதா, எதைப் பற்றியது என்று மட்டும் இருக்கிறதா? புரியாத சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா, நின்றிருக்கிறீர்களா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில் ஒன்றிரண்டுதான் குறிப்புக்குள் போகும், மீதி உங்களுக்கு.

எப்படித் தேடினீர்கள்

வாசிப்பைப் பற்றி நாலு வரியாவது எழுதுகிறார்கள், தேடியதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. "பல நூலகங்களுக்குச் சென்று தரவு திரட்டினேன்" என்று ஒரு வரி, அதோடு சரி. ஆனால் ஆய்வில் நாம் நிஜமாகவே மாறுவது இங்கேதான், அதுவும் எழுத்தில் பதிவாகியே இருக்கிறது. கூகுள் கணக்கில் தேடல் பதிவை அணைத்தோ, தானாக அழியும்படியோ வைக்காமல் இருந்தால் பழைய தேடல்கள் கிடைக்கும்.

நான் முதலில் தேடியது 'தமிழ்நாடு பஞ்சம் 1877'. கிடைத்ததெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்கள். 1877இல் தமிழ்நாடு என்று ஒரு நிர்வாகப் பெயரே கிடையாது என்பது வரலாறு படிக்க வந்த எனக்குத் தெரியாமல் இல்லை, தேடும் பெட்டியில் தட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பிறகு மெட்ராஸ் பிரசிடென்சி என்று தேடினேன். அப்புறம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலேயர் எழுதிய விதத்தில் தட்டக் கற்றுக்கொண்டேன்: செங்கல்பட்டுக்குச் சிங்கிள்புட், திருச்சிக்கு டிரிச்சினாபோலி, திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, தஞ்சாவூருக்கு டாஞ்சூர். அதற்கும் பிறகுதான் அதிகாரிகள் எப்போதும் ஃபேமின் என்று எழுதுவதில்லை என்று புரிந்தது. ஸ்கேர்சிட்டி என்பார்கள், டிஸ்ட்ரெஸ் என்பார்கள். பஞ்சம் என்று ஒப்புக்கொண்டால் நிவாரணம் கொடுக்கவேண்டும், பற்றாக்குறை என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம், அதனால் எந்தச் சொல்லைப் போடுகிறார்கள் என்பதே ஒரு செய்தி. தேடுவதற்காகக் கற்ற சொல் பட்டியல் கடைசியில் என் இரண்டாம் இயலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

தமிழிலும் இதே கதை. தாது வருஷம் என்று தேடினால் போதும் என்று நினைத்தேன். அறுபது வருஷச் சுழற்சியில் தாது 1876-77இல் வந்தது, 1936-37இல் வந்தது, 1996-97இலும் வந்தது, ஆகவே கிடைப்பது எந்தத் தாது என்று பார்க்கவேண்டும். தாதுவுக்கு அடுத்த ஈசுவர வருஷத்திலும் பஞ்சம் தொடர்ந்தது, பெயர் மட்டும் தாதுவோடு ஒட்டிக்கொண்டது, ஆகவே ஈசுவர என்றும் தேடவேண்டும். பழைய தமிழில் கருப்பு என்ற சொல்லுக்குப் பஞ்சம் என்றும் ஒரு பொருள் உண்டு. அது தெரியாமல் நூலகப் பட்டியலில் நிறம் சம்பந்தப்பட்டது என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முதல் தடவை போனபோது, "பஞ்சம் பற்றிய ஃபைல் எல்லாம் வேண்டும்" என்று கேட்டேன். "எந்த டிபார்ட்மென்ட், எந்த வருஷம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆவணம் பொருள்வாரியாக அடுக்கியிருக்காது, எந்த அலுவலகம் உண்டாக்கியதோ அந்த அலுவலகத்தின் வரிசையில், வருஷ வரிசையில் இருக்கும். பஞ்சம் வருவாய்த் துறையில் இருக்கும், பொதுப்பணியில் இருக்கும், மருத்துவத்தில், காவலில், சிறையில்கூட இருக்கும். சென்னைக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதானே, அங்கே கூலி வாங்கியவர்களைப் பற்றி எந்தத் துறையின் காகிதத்தில் தேடுவது? இந்த மாதிரி யோசிக்க ஆரம்பித்த நாளைத்தான், ஆய்வு செய்யத் தெரிய ஆரம்பித்த நாள் என்று என் குறிப்பில் எழுதினேன். அன்றைக்குக் கேட்டு வாங்கிய முதல் கட்டில் எனக்கு வேண்டியது ஒன்றுமே இல்லை. அதையும் எழுதினேன்.

உங்களுக்கு ஆவணக் காப்பகம் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். தேடிய சொற்களை மட்டும் தேதி வரிசையில் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எந்தச் சொல்லை எங்கே கற்றீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் காகிதமே ஒரு பத்திக்குப் போதும்.

ஒரே ஒரு எண்ணைப் பின்தொடருங்கள்

எல்லா ஆய்வேட்டிலும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கூடவே வரும் ஒரு தகவல் இருக்கும். ஒரு எண், ஒரு தேதி, ஒரு மேற்கோள். முதல் அசைன்மென்டில் அது எப்படி இருந்தது, ஆய்வேட்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு அது சாவு எண்ணிக்கை. முதல் அசைன்மென்டில், "இப்பஞ்சத்தில் ஒரு கோடி மக்கள் இறந்தனர்", கீழே ஒரு வலைப்பக்க முகவரி. இரண்டாம் செமஸ்டரில் இன்னொரு இடத்தில் 55 லட்சம் என்று பார்த்ததும் முதலாவது தப்பு என்று முடிவு செய்து, அடித்துவிட்டு இதைப் போட்டேன். அதற்கப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். சென்னை மாகாணத்தில் 1871இல் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர், 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சம். குறைந்திருப்பது 4 லட்சம்தானே, அப்படியானால் எல்லோரும் மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி மேடத்திடம் ஓடினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பஞ்சமே வராமல் இருந்திருந்தால் 1881இல் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பத்து வருஷத்தில் பிறந்திருக்கவேண்டியவர்கள், பஞ்சத்தால் பிறக்காமலே போனவர்கள், இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்கள், 1871 கணக்கிலேயே விட்டுப்போனவர்கள், எல்லாவற்றையும் யோசிக்காமல் ஒரு கழித்தல் கணக்கு போட்டு வந்திருந்தேன். 55 லட்சமும் ஒரு கோடியும்கூட நான் நினைத்த மாதிரி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் எண்கள் இல்லை. ஒன்று ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிக்கு மட்டும் சொல்வது, இன்னொன்று மைசூர், ஹைதராபாத் மாதிரி சமஸ்தானங்களையும் சேர்த்துச் சொல்வது, வருஷக் கணக்கும் ஆளுக்கு ஆள் வேறு. ஆய்வேட்டில் கடைசியாக அந்த ஒரு வரி ஒன்றேகால் பக்கமாக ஆனது, அதில் ஒரு கோடி என்ற எண்ணும் இருக்கிறது, யார், எந்தப் பரப்புக்கு, எப்படிக் கணக்கிட்டார் என்ற விவரத்தோடு.

என் குறிப்பில் இந்த நாலு கட்டத்தையும் அப்படியே கொடுத்தேன், ஓடிப்போய் அசடு வழிந்ததையும் சேர்த்து. முதல் வாக்கியத்தையும் கடைசிப் பத்தியையும் மட்டும் கொடுத்திருந்தால் ஏதோ ஒருநாள் தூங்கி எழுந்து அறிஞனானது மாதிரி இருந்திருக்கும். நடுவில் தப்பான திசையில் போனதுதான் வாசிப்பவருக்கு நம்பிக்கை தருகிறது.

சின்னதாக இன்னொன்று. ஒரு கட்டுரையில் 1877ஆம் வருஷத்து இந்து பத்திரிகைச் செய்தி என்று ஒரு மேற்கோள் வந்தது, நன்றாக இருக்கிறதே என்று குறித்து வைத்துக்கொண்டேன். இந்து தொடங்கியதே 1878 செப்டம்பரில். முதல் வருஷத்தில் அந்த மேற்கோள் என் அசைன்மென்டில் இருக்கிறது, கடைசி வருஷத்தில் அதே மேற்கோளைப் பார்த்ததும் கை தானாகவே பத்திரிகை தொடங்கிய தேதியைத் தேடியது. இந்த மாதிரி உங்களை அறியாமல் வந்த பழக்கம் ஏதாவது இருந்தால் அதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

சரி, இப்போது எழுதலாம்

இவ்வளவு சேர்த்த பிறகு எழுத்து வேலை கம்மி. இரண்டு பக்கம்தான், அதனால் வாசிப்பிலிருந்து ஒரு சம்பவம், தேடலிலிருந்து ஒன்று, இரண்டு போதும். எல்லாவற்றையும் திணித்தால் மறுபடி பட்டியல் ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் பழைய வரியை எழுத்துப்பிழையோடு அப்படியே எடுத்துப் போடுங்கள், புதிய வரியைப் போடுங்கள், நடுவில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதற்கு 'பேராசிரியரின் வழிகாட்டலால்' என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. எந்த நாள், எந்தக் கேள்வி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

'மேம்பட்டது', 'விரிவடைந்தது', 'ஆழமானது' மூன்றையும் எழுதி முடித்தபின் தேடி அழியுங்கள். அழித்தபிறகு வாக்கியம் நிற்கிறதா பாருங்கள், நிற்காவிட்டால் அதற்குள் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. ஏஐயிடம் எழுதச் சொல்கிறார்கள் இப்போதெல்லாம். உங்கள் மஞ்சள் ஜெராக்ஸை அது பார்த்ததில்லை, ஆகையால் அது எழுதித் தருவதும் அந்த இருபத்தைந்து பேர் எழுதியதாகத்தான் இருக்கும்.

அனுபவத்தை விவரி, உணர்ந்ததைச் சொல், மதிப்பிடு, அலசு, முடிவு சொல், அடுத்துச் செய்வதைச் சொல் என்று ஆறு படி கொண்ட கிப்ஸ் என்பவரின் வட்டம் ஒன்று உண்டு, 1988இல் வந்தது. சில கல்லூரிகளில் அந்தப் படிவத்திலேயே கேட்பார்கள். கேட்டால் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் 'உணர்ந்தது' என்ற கட்டத்தில் "மிகவும் மகிழ்ச்சியாக உணர்ந்தேன்" என்று போடாதீர்கள். அந்தக் கழித்தல் கணக்கோடு நின்ற அன்று எனக்கு இருந்தது வெட்கம், அதைத்தான் அந்த இடத்தில் எழுதினேன்.

நடை பற்றிக் கேட்பார்கள், 'நான்' என்று எழுதலாமா என்று. ஆய்வேட்டில் 'ஆய்வாளர்' என்று மூன்றாம் மனிதரைப் போல எழுதிப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். இந்த இரண்டு பக்கத்தில் 'நான்' என்றே எழுதுங்கள். ஆய்வாளர் ஹைலைட்டரால் பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கினார் என்று எழுதினால் கைடே சிரிப்பார்.

வராததையும் எழுதுங்கள்

கடைசிப் பத்தியில் இன்னும் எது வரவில்லை என்று எழுதுங்கள். "இன்னும் கற்கவேண்டியது ஏராளம், கற்றது கைம்மண்ணளவு" என்பது அடக்கம் மாதிரி இருக்கும், தகவல் இல்லை. குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள், ஏன் வரவில்லை என்றும் தெரிந்தால் சொல்லுங்கள். மார்க் போய்விடும் என்று பயப்படுவார்கள். மற்ற இடத்தில் ஆதாரத்தோடு எழுதியிருந்தால் போகாது, நான் பார்த்தவரை.

நான் எழுதியது அட்டவணை பற்றி. தானிய விலை, நிவாரணத்தில் இருந்தோர் எண்ணிக்கை, மாவட்டவாரியாக, மாதவாரியாக என்று வரும் அட்டவணைகளை இரண்டு வருஷமும் நான் தாண்டித்தான் போனேன். பத்தியில் யாராவது விளக்கியிருந்தால் எடுத்துக்கொள்வேன், எண்களாக மட்டும் இருந்தால் கை தானாகப் பக்கத்தைப் புரட்டிவிடும். கூலி பற்றி ஆய்வு செய்துவிட்டு இதை ஒப்புக்கொள்வது கேவலமாக இருந்தது, மேடம் வெட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் ஆய்வேட்டைப் புரட்டவே இல்லை. அந்தக் கடைசிப் பத்தியில் விரலை வைத்து, தன் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து என் பக்கம் தள்ளினார். 1877ஆம் வருஷத்து விலை அட்டவணை. "சிங்கிள்புட் வரிசையைப் பாருங்க, ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவுல என்ன ஆகுது?" ஏழெட்டு நிமிடம் யாரும் பேசவில்லை. நான் பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.